நட்சத்திரம் போட்டதெல்லாம் கட்டாயம்

வியாபாரம் ஆகாத கடைக்காரர் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். அண்ணிக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அவள் கடை இருப்பது இன்டர்நெட்டில். அங்கே ஈ வராது. பதினேழு நாளாக ஆர்டரும் வரவில்லை.

தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். ஆயத்த ஆடை ஆலையில் இருபத்திரண்டு வருஷம் லைன் சூப்பர்வைசர். நாற்பது மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் "உப்பு போதுமா?" என்று அவள் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் "போதும்" என்பார்.

அப்படிப்பட்டவள் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு சட்டை தைக்க உட்கார்ந்தாள். சாதாரணச் சட்டை இல்லை. கையில் மாவுக்கட்டு போட்டவர்கள் மாட்டுகிற சட்டை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கை முழுக்கத் திறந்துகொள்ளும். கட்டுப் போட்ட கையை அசைக்காமல் சட்டையை மேலே போட்டு, நல்ல கையால் பிரஸ் பட்டன்களை டப் டப்பென்று அமுக்கினால் முடிந்தது.

இந்த யோசனை அவளுக்குக் கனவில் வரவில்லை. கட்டிய கணவர் மூலமாக வந்தது.

கணவர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர். கடைசி ஆறு வருஷம் சூப்பரிண்டெண்ட். தெரு அந்தப் பட்டத்தை வாய்க்கு வசதியாகச் 'சூப்பரண்டு' என்று சுருக்கிக்கொண்டது. ஓய்வு பெற்ற மறுவாரம், பிரிவுபசார விழாவில் தாம் மாலையோடு நிற்கும் படத்தைச் சுவரில் மாட்டுவதற்காகச் சுழல் நாற்காலி மேல் ஏறினார். நாற்காலி தன் கடமையைச் செய்தது. சுழன்றது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு வாரம் எந்தச் சட்டைக்குள்ளும் கை நுழையாமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கையோடு வெட்டிப் பட்டன் வைத்துக் கொடுத்தாள். அதுதான் முதல் சட்டை. அதே அளவில் ஆலையில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் பேட்டர்ன் அட்டை, அதாவது துணி வெட்டும் அச்சு, ஒன்றையும் வெட்டி வைத்தாள்.

இப்போது அப்படி அறுபது சட்டை தயார். சாப்பாட்டு மேஜை மேலே இருபது, தையல் மெஷின் மேலே இருபது, மீதி டி.வி.யை மறைத்துக்கொண்டு. விடுப்பு இன்றோடு சரி. மாலை ஐந்து மணிக்குள், வருகிறேன், வரவில்லை என்று இரண்டில் ஒன்றை ஆலைக்குச் சொல்லியாக வேண்டும்.

அண்ணி மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். இருபது ஆர்டர். இருபது வந்துவிட்டால் ஆலைக்கு முழுக்கு. வராவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்குப் பழைய லைன், பழைய இரைச்சல், பழைய கால்வலி.

காலை பத்து மணி. ஹாலில் அலுவலகம் திறந்தது.

அலுவலகம் என்றால் சூப்பரண்டின் மேஜைதான். மேஜை மேல் இரண்டு தட்டு. ஒன்றில் 'வரவு', இன்னொன்றில் 'அனுப்புகை' என்று சீட்டு. நடுவே 'தலைமை நிர்வாகி' என்று ஒரு பலகை. பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். இந்த ஸ்டாம்ப் வந்து இறங்கிய அன்று வீட்டில் நடந்த ரகளை போன வாரத்துக் கதை. அதை மறுபடி கிளற வேண்டாம். இன்னும் சூடு ஆறவில்லை.

"என்னங்க, இன்னைக்காவது ஏதாச்சும் வந்திருக்கா?" அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

சூப்பரண்டு கம்ப்யூட்டர் திரையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தகுதியான ஆர்டர் எதுவும் இல்லை."

"இதையேதான் பதினேழு நாளா சொல்றீங்க."

"நிலைமை மாறலைன்னா நான் எப்படி மாத்திச் சொல்றது?"

ஆரம்பத்தில் இரண்டு ஆர்டர் வந்தது உண்மை. கூரியர்காரர் ஊரெல்லாம் சுற்றினார். முதல் முகவரியில் காலி மனை. இரண்டாவது முகவரியில் ஆள் இருந்தார். "சும்மா அமுக்கிப் பார்த்தேங்க, நிஜமாவே கொண்டாந்துட்டீங்களே!" என்று ஆச்சரியப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுதான் சூப்பரண்டு மேஜையைத் தட்டினார். "இனி ஆர்டர் பிரிவு என் பொறுப்பு. ஒரு பய ஏமாத்த முடியாது." கடையின் பாஸ்வேர்டை வாங்கினார். மாற்றினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணிக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. மனுஷன் ஓய்வு பெற்ற நாளாக வீட்டில் கோப்பு இல்லாமல் மளிகைச் சீட்டுக்கெல்லாம் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு மூலையில் பொழுது போகட்டுமே என்று விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. ஆலை மேனேஜர்.

"எப்படிம்மா இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?"

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் மேனேஜர் விசாரித்தது தையல் மெஷினின் உடம்பை மட்டும்தான்.

"இருக்கேன் சார்."

"நாளைக்கு வந்துடுவீங்கள்ல? புதுசா ஒரு லைன் போடறேன். நீங்க இருந்தாத்தான் ஓடும். உங்க சட்டை எப்படிப் போகுது? யாராச்சும் கேட்டாங்களா?"

"போகுது சார்."

"சரிம்மா, அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

தேன் தடவிய மிரட்டல். போனை வைத்துவிட்டு அண்ணி ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். ஏற்கெனவே மடித்த சட்டைதான். வேறு என்ன செய்வது? பிறகு நாலு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே போறே?"

"உங்க தங்கச்சி கடைக்கு. படத்தையாவது மறுபடி நல்லா எடுத்துப் போடச் சொல்றேன்."

"எழுத்துமூலம் குறிப்புக் கொடுத்துட்டுப் போனா பதிவு பண்ண வசதியா..."

கதவு சாத்திய சத்தத்தில் மீதி வாக்கியம் அடிபட்டுப் போனது.

நாத்தனார் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அதனால் அவள் பெயரே ஜெராக்ஸ். அண்ணன் பேசுவதை அப்படியே திருப்பிப் பேசிக்காட்டும் திறமையும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். இணையக் கடையை அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பரீட்சைக் காலம். பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாளெல்லாம் அவள் மெஷினில்தான். கடைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"படமெல்லாம் நல்லாத்தான் அண்ணி இருக்கு." ஜெராக்ஸ் தன் மெஷினின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளைப் பிடுங்கினாள். "எலும்பு ஆஸ்பத்திரி வாசல்ல நோட்டீஸ் ஒட்டினோம்ல, அதைப் பார்த்தே பத்துப் பேர் வந்திருக்கணும். ஒருத்தருமே இல்லன்னா எங்கேயோ இடிக்குது."

"என் ராசி இடிக்குது."

"அதெல்லாம் இல்ல. அண்ணன் என்ன சொல்றார்?"

"தகுதியான ஆர்டர் எதுவும் இல்லையாம்."

ஜெராக்ஸ் கையிலிருந்த தாளோடு நிமிர்ந்தாள். "தகுதியானன்னா?"

அண்ணி வாயைத் திறந்தாள். அதே சமயம் கடைக்குள் ஒரு பெண் நுழைந்தாள். முப்பது வயது இருக்கும். நடந்து வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. கக்கத்தில் ஒரு பெரிய எக்ஸ்ரே உறை. கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காப்பி எடுங்க. எக்ஸ்ரேயும் எடுக்க முடியுமா?"

"எக்ஸ்ரேயா? எடுத்தா எல்லாம் கறுப்பாத்தான் வரும். எந்த ஆபீசுக்கு?"

"ஆபீசா? ஒரு சட்டை வாங்கணுங்க!"

அண்ணியின் கையிலிருந்த பை சற்றே சரிந்தது.

"வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்துலேருந்து விழுந்து வலது கை போச்சு. கட்டுக்கு மேல எந்தச் சட்டையும் ஏறல. நாளைக்குப் பொண்ணு ஸ்கூல்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும்னு சொல்லிட்டாங்க. துண்டைப் போத்திக்கிட்டு வந்தா அசிங்கம், நான் வரலன்னு உக்காந்திருக்கார். ஆஸ்பத்திரி வாசல்ல நோட்டீஸ் பார்த்து, இதுக்குன்னே ஒரு ஆன்லைன் கடை இருக்குதேன்னு ஆசையா போனேன். பன்னெண்டு நாளா ஆட்டி வைக்கிறாங்க!"

போனை நீட்டினாள். ஜெராக்ஸ் வாங்கிப் பார்த்தாள். அண்ணி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மேலே அவள் கடையின் படம். அவள் தைத்த நீலச் சட்டை. அதற்குக் கீழே அவள் இதுவரை பார்த்தேயிராத ஒரு படிவம்.

மனுதாரர் பெயர். தந்தை அல்லது கணவர் பெயர். எலும்பு முறிந்த நாள், நேரம். முறிந்த விதம், நூறு சொற்களுக்கு மிகாமல். மருத்துவர் சான்று. எக்ஸ்ரே நகல். சட்டையின் அவசியம். இதற்கு முன் எலும்பு முறிந்ததுண்டா, ஆம் எனில் அப்போது என்ன அணிந்தீர். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டதெல்லாம் கட்டாயம். கடைசிக் கேள்வி: நோயாளியின் கையொப்பம்.

"வலது கை உடைஞ்ச மனுஷன் எப்படிங்க கையெழுத்துப் போடுவார்?" அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. "இடது கையால கஷ்டப்பட்டுப் போட்டார். திருப்பி அனுப்பிட்டாங்க. அடையாள அட்டையில இருக்கற கையெழுத்தோட பொருந்தலையாம்!"

ஜெராக்ஸ் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஜெராக்ஸைப் பார்த்தாள். மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது.

"இந்தக் கடையை நடத்துறவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா," அந்தப் பெண் முடித்தாள், "அவன் விக்கிற சட்டை அவனுக்கே தேவைப்படும்!"

அண்ணி பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "வலது கை தானேம்மா? உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தடியா, ஒல்லியா?"

அந்தப் பெண் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது... நீங்க எப்படி..."

"கடை என்னதும்மா. நடத்துறவர் வீட்டுல இருக்கார். அவரை நானே பார்த்துக்கறேன்."

மணி ஒன்று பத்து. அண்ணி ஜெராக்ஸோடு வீடு திரும்பினாள். சூப்பரண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் 'உணவு இடைவேளை 1 முதல் 2 வரை' என்று ஒரு அட்டை நின்றது.

"என்னங்க, மொத்தம் எத்தனை பேர் ஆர்டர் கேட்டிருக்காங்க?"

"ரெண்டு மணிக்கு மேல."

"என்னங்க!"

அடுத்த வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. சூப்பரண்டு கை கழுவிவிட்டு வந்தார்.

"நாற்பத்தேழு." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. "திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பினது முப்பத்தொண்ணு. நிராகரிச்சது ஒன்பது. பரிசீலனையில ஏழு. ஒரு கோப்புகூட என் மேஜையில மூணு நாளுக்கு மேல தூங்கினதில்லை. சர்வீஸ்ல இருந்தப்பகூட இவ்வளவு வேகம் கிடையாது."

அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அது அந்தச் சுழல் நாற்காலி. மெல்லச் சுழன்றது.

"நாற்பத்தேழு பேர் கேட்டிருக்காங்க. என்கிட்ட ஒருத்தரும் இல்லன்னு சொன்னீங்க."

"தகுதியானது இல்லைன்னு சொன்னேன். முழுமையா பூர்த்தி செஞ்ச மனு ஒண்ணுகூட இல்லையே."

"அண்ணே," ஜெராக்ஸ் லேப்டாப்பை மேஜையில் வைத்தாள், "சட்டை விக்கிற கடையில எக்ஸ்ரே எதுக்கு?"

"கை உடையாதவன் வாங்கிட்டுப் போயிட்டா?"

"போனா என்னங்க?" அண்ணி கத்தினாள். "காசு குடுக்கறான்ல?"

சூப்பரண்டு யோசித்தார். இந்தக் கோணம் அவருக்கு முற்றிலும் புதிது. முப்பத்தோரு வருஷம் அவர் கேட்பவனிடமிருந்து உரிமத்தைக் காப்பாற்றும் வேலை பார்த்தவர். விற்பதும் ஒரு வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"காலி மனைக்குப் போன ஆர்டரை மறந்துட்டீங்களா ரெண்டு பேரும்? அதுக்காகத்தான் ராப்பகலா உக்காந்து படிவம் தயாரிச்சேன். சாட்சி கையெழுத்துகூட வேணாம்னு விட்டுட்டேன். அது சலுகை."

ஜெராக்ஸ் படிவத்தை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டினாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணி, இருபத்திரண்டு கேள்வி. எந்தக் கைன்னு ஒரு கேள்விகூட இல்ல!"

சூப்பரண்டு கண்ணாடியை மாட்டினார். ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். வலமா இடமா, எங்கேயும் இல்லை. காதோரம் மெல்லச் சிவந்தது.

"அது... எக்ஸ்ரேயைப் பார்த்தா தெரியும்னு..."

"பாஸ்வேர்டைக் குடுங்க."

"முறைப்படி ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தா..."

அண்ணி இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் சூப்பரண்டைப் பயமுறுத்தியது. அவள் பீரோவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய வெள்ளைச் சட்டையை எடுத்தாள். வலது கை முழுக்க ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பட்டன்கள். அவசரத்தில், வீட்டில் கிடைத்ததையெல்லாம் வைத்துத் தைத்தது. மேஜையில் 'வரவு' தட்டில் வைத்தாள்.

"ரெண்டு வாரம் போர்வையைச் சுத்திக்கிட்டு, யாராச்சும் வந்தா உள் ரூமுக்கு ஓடினீங்க. இதைப் போட்ட அன்னைக்குத்தான் வாசல் வரைக்கும் போனீங்க. நான் உங்ககிட்ட எக்ஸ்ரே கேட்டேனா? கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னேனா?"

சூப்பரண்டு சட்டையைப் பார்த்தார். ஒரு பட்டனை அமுக்கினார். டப். திறந்தார். மறுபடி அமுக்கினார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு சீட்டை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"தற்காலிகத் தளர்வுன்னு குறிச்சுக்கோ," என்றார். மனுஷன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுவாரா என்ன!

இரண்டரை மணிக்குப் படிவத்தில் நாலே கேள்வி மிஞ்சியது. பெயர், போன், முகவரி, எந்தக் கை. மூன்று பேரும் மூன்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"கட்டுப் பிரிச்சு நாலு நாளாச்சும்மா. கை நல்லாருக்கு. நீங்க குடுக்காததும் நல்லதுக்குத்தான்." ஒருவர் வாழ்த்திவிட்டு வைத்தார்.

"இன்னும் என்ன சர்டிபிகேட் வேணும்? கல்யாணச் சர்டிபிகேட்டா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"ஒண்ணுமே வேணாங்க. வலது கையா இடது கையா, அதை மட்டும் சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"நிஜமாவா? இடது கை. என் மாமியாருக்கு. சீக்கிரம் அனுப்புங்கம்மா, என்னோட நைட்டியை வெட்டிடப் போறாங்க."

ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் சூப்பரண்டிடமே மாட்டினார். "சைக்கிள்லேருந்து விழுந்ததைப் பத்தி நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். நல்ல நடை. மூணு சொல் அதிகம்."

"அண்ணே!"

"அதாவது... சட்டை நாளைக்கே வந்துடும் சார்."

முகவரி வாங்குவதற்குள்தான் உயிர் போனது. 'தண்ணி டேங்க் பக்கத்துல', 'பச்சை கேட், ஆனா இப்ப பெயிண்ட் மாத்திட்டோம்', 'அங்கே வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க'. சூப்பரண்டு ஒவ்வொன்றையும் மறுபடி படித்துக்காட்டி, எதிரே என்ன, பின்னால் என்ன, கேட்டில் நாய் உண்டா என்றெல்லாம் கேட்டுக் குறித்தார். அண்ணிக்கு எரிச்சல்தான். ஆனால் கூரியர்காரர் வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "யாருங்க இதை எழுதினது? கண்ணைக் கட்டிவிட்டாக்கூட போய்ச் சேர்ந்துடுவேன்" என்றார். சூப்பரண்டு பேனாவை மூடுவதுபோல் பாசாங்கு செய்து, அதைக் கேட்காத மாதிரி நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

நாலு நாற்பது. பதினெட்டு பேர் வேண்டும் என்றார்கள். பெயிண்டர் மனைவியையும் சேர்த்துப் பத்தொன்பது.

"ஒண்ணு குறையுது," என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது.

"நிராகரிச்சதுல ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணி." ஜெராக்ஸ் திரையை உற்றுப் பார்த்தாள். "எண்ணிக்கை: முன்னூறு."

"எத்தனை?"

"முன்னூறு. அண்ணன் எழுதியிருக்கற குறிப்பைப் படிக்கிறேன் கேளுங்க. 'ஒரு நபருக்கு இத்தனை கைகள் இருக்க வாய்ப்பில்லை. நிராகரிக்கப்படுகிறது.'"

இரண்டு பெண்களும் மெதுவாகத் திரும்பினார்கள். சூப்பரண்டு 'அனுப்புகை' தட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமே இல்லை.

"தட்டச்சுப் பிழைன்னு நினைச்சேன்," என்றார் தட்டிடம்.

அண்ணி நம்பரைப் போட்டாள். எலும்பு ஆஸ்பத்திரியின் ஸ்டோர் பொறுப்பாளர். பதினோரு நாளைக்கு முன்னால், நோயாளிகளுக்குக் கொடுக்க முன்னூறு சட்டை கேட்டிருந்தார்.

"அடடா, நீங்களாம்மா? ஒருத்தருக்கு இத்தனை கை இருக்காதுன்னு எழுதியிருந்தாங்களே, ஏதோ விளையாடறாங்கன்னு விட்டுட்டேன். உங்க நோட்டீஸ் படத்தை ஒரு ஆலைக்கு அனுப்பி, இந்த மாதிரி தைப்பீங்களான்னு கேட்டேன். மேனேஜர் உடனே சரின்னுட்டார். நாளைக்கே லைன் போடறாராம். இதைத் தெரிஞ்ச சூப்பர்வைசர் ஒருத்தங்க லீவு முடிஞ்சு வர்றாங்களாம்."

அண்ணிக்குக் காலையில் வந்த 'உடம்பெல்லாம் சௌக்கியமா' இப்போதுதான் காதில் முழுசாக விழுந்தது.

"முடிவாயிடுச்சா சார்?"

"இன்னும் கையெழுத்து ஆகல. நாளைக்குப் பத்து மணிக்குச் சட்டை மாதிரியைப் பார்ப்போம். நீங்களும் கொண்டு வரலாம். ஆனா விண்ணப்பம் இன்னைக்கு அஞ்சரைக்குள்ள வந்துடணும்." அவர் குரல் சங்கடத்தில் குழைந்தது. "எங்க படிவம் கொஞ்சம் பெருசும்மா. முப்பத்தாறு கேள்வி. எல்லாமே கட்டாயம். அந்த ஆலையே ரெண்டு நாள் எடுத்துக்கிட்டாங்க."

போனை வைத்தாள். மணி நாலு ஐம்பத்தைந்து. ஜெராக்ஸ் படிவத்தைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு நட்சத்திரம். "அரை மணியில இதை எந்தப் பைத்தியக்காரன் நிரப்புவான்?" என்றவள், சொல்லி முடித்ததும் அண்ணியைப் பார்த்தாள்.

இருவரும் சூப்பரண்டைப் பார்த்தார்கள்.

அவர் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடி ஏறியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் முகத்தில் வந்து உட்கார்ந்தது. "முப்பத்தாறா?" என்றார், யாரோ அவருக்கு விருந்து வைத்ததுபோல. "நகரு."

ஒற்றை விரலால்தான் தட்டினார். ஆனால் அந்த விரல் எங்கேயும் தயங்கவில்லை. கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி, இல்லை என்று எழுதக்கூடாத இடம், பொருந்தாது என்று எழுத வேண்டிய இடம், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபக்கத்தில் உட்கார்ந்து ஆட்களை மடக்கியவர் இல்லையா!

சரியாக ஐந்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா, நாளைக்கு எட்டு மணிக்கு?"

"சார், புது லைன்ல என்ன சட்டை தைக்கப் போறோம்?"

மேனேஜர் அந்தப் பக்கம் யாரையோ மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"அது... வந்தா தெரியும்மா."

"எனக்கு இப்பவே தெரியும் சார். நான் வரல." அண்ணி போனை வைத்தாள். இருபது வரவில்லை, பத்தொன்பதுதான். இருபத்திரண்டு வருஷம் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சூப்பரண்டு தலையைத் தூக்கவில்லை. ஆனால் முப்பத்து நாலாவது கேள்வியை உரக்கப் படித்தார். "'மாதிரியை அணிந்து காட்டுபவர் பெயர்.' என் பெயரைப் போட்டுட்டேன். 'முன் அனுபவம்.' ஆறு வாரம்."

அண்ணி 'வரவு' தட்டிலிருந்த வெள்ளைச் சட்டையை நீவி வைத்தாள்.

முப்பத்தாறாவது கேள்வியில் விரல் நின்றது. 'நிறுவன உரிமையாளர் பெயர், கையொப்பம்.' அவர் 'தலைமை நிர்வாகி' பலகையைப் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தார். லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பி, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"இது என் செக்ஷன் இல்ல."

அண்ணி பெயரை அடித்தாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். அவர் எட்டிப் பார்த்தார். "இது அடையாள அட்டையில இருக்கற கையெழுத்தோட..."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

ஜெராக்ஸ் கையெழுத்தைப் படமெடுத்து ஏற்றி அனுப்பினாள். ஐந்து இருபத்தாறு. சூப்பரண்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஒண்ணு கவனிச்சியா? முப்பத்தாறு கேள்வி. முன்னூறுல வலது எத்தனை, இடது எத்தனைன்னு இவங்களும் கேக்கல."

அன்று முழுக்க வராத சிரிப்பு அண்ணிக்கு அப்போதுதான் வந்தது. அடுத்த வீட்டுக்காரரும், எதற்கென்று தெரியாமலே, சிரித்தார்.

அவள் போன் மேஜை மேல் ஒருமுறை அதிர்ந்தது. மேனேஜரிடமிருந்து ஒரு வரி.

'நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வரேன். நீங்க ஆலையில இருந்தப்ப வெட்டின பேட்டர்ன் அட்டை எங்ககிட்டதான் இருக்கு. அதுக்குச் சொந்தக்காரர் யாருன்னு அங்கே பேசிக்கலாம்.'

அண்ணி அதைப் படித்துவிட்டுப் போனை மெதுவாக 'வரவு' தட்டில், அந்தப் பழைய வெள்ளைச் சட்டையின் மேல் வைத்தாள்.